வீடு யார் பெயரில்?

எங்கள் ஊரில் தெருவில் படுத்துறங்கும் ஒருவரை நான் கண்டதில்லை. கொழும்புக்குப் போனபோது கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் கண்டிருக்கிறேன். அதனால் "வீடற்றோர்" என்ற சொல்லைப் புத்தகத்தில் வாசிக்கும்போதெல்லாம் அது எங்களைப் பற்றிய சொல் அல்ல என்றே தோன்றும். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் இந்தக் கரையில் யாருக்குத்தான் ஒதுங்க இடமில்லை? சொந்த வீடு இல்லாவிட்டால் ராத்தா வீடு, அதுவும் இல்லாவிட்டால் மாமி வீடு. உறவு இருக்கும்வரை கூரை இருக்கும்.

என் சாச்சி அப்படித்தான் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். உம்மாவின் தங்கை. இரண்டு பிள்ளைகள். ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கிய இரண்டு மாப்பெட்டிகள். இரவு பதினொரு மணிக்குப் பிறகு அவர் தையல் மெஷினை மிதிக்க மாட்டார். யாரும் அவரை ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவுவதற்கு அவர்தான் எப்போதும் முதலில் எழும்புவார். சொந்த வீட்டில் இருக்கும் பெண் அப்படி எழும்புவதில்லை. சென்ற குடிசன மதிப்பீட்டின்போது வந்தவர் வாப்பாவைக் குடும்பத் தலைவர் என்று எழுதி, சாச்சிக்கு நேரே "உறவினர்" என்று குறித்துக்கொண்டு போனார்.

சாச்சிக்கு ஒரு வீடு இருந்தது. இருந்தது என்பதைவிட, இரண்டு முறை இருந்தது என்பதே சரி. முதலாவதைக் கடல் கொண்டுபோனது. இரண்டாவதை ஒரு படிவம் கொண்டுபோனது. இந்தக் கட்டுரை அந்தப் படிவத்தைப் பற்றியது. அத்தகைய படிவங்களை மாற்றுவதற்கு அமைப்புகள் ஏன் தனித்தனியாக அன்றிக் கூட்டாக எழும்ப வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றியதும்கூட.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீடும் வளவும் பெண்ணுக்கே போகும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் பக்கத்தில் சிறு வீடு கட்டி ஒதுங்குவார்கள். குடி வழியும் தாய் வழியாகவே வரும். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்து 2008இல் நூல் எழுதிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த வழக்கத்தை விரிவாகப் பதிந்திருக்கிறார். சீதனத்தை ஆதரித்து எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். தங்கைக்கு வீடு கட்டுவதற்காகவே காக்காமார் கட்டாரிலும் சவூதியிலும் இளமையைக் கழிப்பதை நாங்கள் எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். அது வேறு கட்டுரைக்கான விடயம். இங்கே சொல்ல வந்தது ஒன்றுதான்: இந்தக் கரையில் வீட்டின் உறுதி பெரும்பாலும் பெண்ணின் பெயரில் இருந்தது. கணவன் கோபித்துக்கொண்டு போனால் அவர்தான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும்.

2003இல் சாச்சிக்குக் கலியாணம். மூத்தம்மா கடலோர வளவையும் அதிலிருந்த வீட்டையும் அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். 2004 டிசம்பர் 26 காலை அந்த வீட்டின் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. இலங்கையில் சுனாமியால் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறை, 10,000க்கும் மேற்பட்டோர். நான் பிறப்பதற்கு முன்னர் நடந்தது. ஆனாலும் எங்கள் வீட்டில் நாட்கணக்கே "சுனாமிக்கு முன்ன", "சுனாமிக்குப் பிறகு" என்றுதான் ஓடுகிறது.

அதற்குப் பிறகு நிறுவனங்கள் வந்தன. உம்மா சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது பாய்க் கதை. அவர்கள் தங்கியிருந்த பாடசாலைக்கு ஒரே கிழமையில் மூன்று நிறுவனங்கள் பாய் கொண்டுவந்து கொடுத்தனவாம். நான்காவது நிறுவனமும் பாயோடு வந்திறங்கியபோது ஒரு கிழவி, "பாயில சுத்தி எங்கள அனுப்பவா போறீங்க?" என்று கேட்டாராம். அதே பாடசாலையில் பெண்களின் மாதாந்தத் தேவைக்கான ஒரு பொருளும் இல்லை. கேட்பதற்கும் வெட்கம், கேட்டாலும் எழுதிக்கொள்வதற்கு ஒரு பெண் உத்தியோகத்தர் இல்லை.

அமைப்புகளுக்கு மேல் ஓர் அமைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தப் பாய்க் கதையே போதும். யார் எங்கே எதைக் கொடுக்கிறார்கள் என்று ஒரு மேசையில் இருந்து பேசாவிட்டால் ஓரிடத்தில் பாய் மலையாகும், இன்னோரிடத்தில் ஒன்றும் இருக்காது. இதற்காகவே இலங்கையில் மனிதாபிமான நிறுவனங்கள் 1997இல் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பை உருவாக்கியிருந்தன. யுத்த காலத்தில் தொடங்கிய அந்த வேலை சுனாமியோடு பல மடங்கானது. ஆங்கிலத்தில் இத்தகைய அமைப்பைக் குடை அமைப்பு என்பார்கள். நாம் சம்மேளனம் என்கிறோம், ஒன்றியம் என்கிறோம், இணையம் என்கிறோம். எனக்குக் குடை என்ற சொல் பிடித்திருக்கிறது. ஆனால் குடை பிடிப்பவர் மழையை நிறுத்துவதில்லை. சில குடைகள் அந்த வேலையையும் தொடங்கின. அதைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

மழை இரண்டு விதமாகப் பெய்தது. முதலாவது, கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் யாரும் மீண்டும் வீடு கட்டக் கூடாது என்ற கட்டளை. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். ஒரே கடல், ஒரே அலை, இரண்டு அளவு. எங்கள் ஊர்களில் கடலுக்கும் பிரதான வீதிக்கும் இடையிலேயே முழு ஊரும் நெருங்கிக் கிடக்கிறது, அதற்கப்பால் வயல். 200 மீற்றரை அளந்தால் பல தெருக்கள் வரைபடத்திலிருந்தே போய்விடும். மீனவர் அமைப்புகளும் உரிமை அமைப்புகளும் தொடர்ந்து எதிர்த்தன. 2005 முடிவதற்குள் அந்த அளவு தளர்த்தப்பட்டது. எங்கள் பக்கத்தில் "65 மீற்றர்" என்பது ஒரு இடத்தின் பெயராகவே ஆகிவிட்டது. "அவங்க 65 மீற்றர்க் காரங்க" என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அதற்குள் வீடிருந்த சாச்சிக்கும் எங்களுக்கும் வயலை நிரப்பிக் கட்டிய வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது.

இரண்டாவது மழை சத்தமில்லாமல் பெய்தது. புதிய வீட்டுக்கான படிவத்தின் முதல் வரி: "குடும்பத் தலைவரின் பெயர்." அந்த வரியில் சாச்சியின் கணவரின் பெயரை எழுதினார்கள். எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. கூப்பன் அட்டையிலிருந்து வாக்காளர் இடாப்பு வரை ஆணின் பெயரை முதலில் எழுதிப் பழகிய கை. இத்தனைக்கும் குடும்பத் தலைவர் என்பது அலுவலகங்களின் வழக்கமே தவிர, வீட்டுரிமையை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கடலோரத்தில் சாச்சியின் பெயரில் உறுதி இருந்ததா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை. அவரும் சொல்லவில்லை. கூடாரத்தில் மூன்றாவது மாரியைக் கழித்த பெண் திறப்பைக் கொடுத்தால் வாங்குவாளா, பெயரைப் பற்றி வழக்குப் பேசுவாளா?

பன்னிரண்டு வருடம் கழித்துத் தலாக். வீடு அவருடையது; அதில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. சாச்சியின் திறப்பு எங்கள் பின்னறைத் திறப்பு.

எங்கள் வீடும் வாப்பாவின் பெயரில்தான். இதைப் பற்றி உம்மா சிரித்துக்கொண்டே ஒரு முறை கேட்டார். வாப்பா, "எண்ட பேர்ல இருந்தா என்ன, உண்ட பேர்ல இருந்தா என்ன?" என்றார். "ரெண்டும் ஒண்டுதான் எண்டா, அப்ப எண்ட பேருக்கு மாத்தித் தாங்களன்" என்றார் உம்மா. வாப்பா அன்று சுபஹுக்கு வழமையைவிடக் கொஞ்சம் முன்னதாகவே பள்ளிக்குப் போய்விட்டார்.

எங்கள் மார்க்கத்தை இதற்குள் இழுத்துப் பெண்ணை வாய் மூட வைப்பவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். இஸ்லாத்தில் மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது. கணவனுக்கு அதில் கை வைக்க உரிமையில்லை. கதீஜா நாயகி (ரழி) அவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டு வணிகம் நடத்திய சீமாட்டி. இப்போது சாதாரண உறுதிக் காணியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அது உம்மாவின் பெயரில் இருந்தால் முழுவதும் அவருடையது. அதுவே வாப்பாவின் பெயருக்கு மாறி, பிள்ளைகளை விட்டு அவர் மௌத்தானால், வாரிசுப் பங்கீட்டில் உம்மாவுக்கு வருவது எட்டில் ஒன்று. மார்க்கம் அவருக்கு ஒன்றும் குறைக்கவில்லை. முழுதாக இருந்ததை எட்டில் ஒன்றாக்கியது படிவத்தின் முதல் வரி.

அரச காணியின் கணக்கு இன்னும் மோசம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத காணி யாருக்குப் போகும் என்று மூன்றாம் அட்டவணை ஒரு வரிசை போட்டிருந்தது. அந்த வரிசையில் மகனுக்குப் பிறகுதான் மகள்.

இந்த இரண்டாவது மழையைக் கண்டு முதலில் குரல் கொடுத்தவர்கள் பெண்கள் அமைப்புகள். சுனாமி நடந்த சில வாரங்களிலேயே நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த பெண்கள் அமைப்புகள் ஒன்றுகூடி, சுனாமியால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் கூட்டணியை அமைத்தன. முகாம்களில் பெண்களுக்கு நடந்த அநியாயங்களை வெளியில் கொண்டுவந்ததும், புதிய வீடுகளைக் கணவன் மனைவி இருவரின் பெயரிலும் பதியுங்கள், பெண்ணின் காணி பெண்ணுக்கே இருக்கட்டும் என்று கேட்டதும் இந்தக் கூட்டணிதான். அக்கரைப்பற்றில் பாதிக்கப்பட்ட பெண்கள் அரங்கம் போன்ற அமைப்புகள் இரு சமூகப் பெண்களோடும் வேலை செய்தன. ஒரு தனி அமைப்பு ஒரு பெண்ணுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனால், "அந்தக் கேஸை மட்டும் பார்க்கிறோம்" என்பார்கள். அந்தப் பெண்ணுக்கு நன்மைதான். படிவம் அப்படியே இருக்கும். பல ஊர்களின் பெண்கள் ஒரே கேள்வியோடு வந்தால்தான், கேஸ் என்று சொல்ல முடியாது போகும்.

வெற்றி கிடைத்ததா? வீடு கொடுத்த காலத்தில் பெரிதாகக் கிடைக்கவில்லை. சில கொடையாளிகள் இருவர் பெயரிலும் எழுதச் சம்மதித்தார்கள். பெரும்பாலான படிவங்கள் பழையபடியே நிரப்பப்பட்டன. ஆனால் கேள்வி சாகவில்லை. பெண்கள் அமைப்புகள் அதை ஆண்டு தோறும் தூக்கிக்கொண்டு திரிந்தன. 2022இல் பாராளுமன்றம் அந்த மூன்றாம் அட்டவணையைத் திருத்தி, மகனுக்கு முன்னுரிமை என்ற பாகுபாட்டை நீக்கியது. சட்டம் வந்து 87 ஆண்டுகளுக்குப் பிறகு. சுனாமி வந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகு. சாச்சிக்கு அது பயன்படாது. அவருடைய மகளுக்குப் பயன்படலாம்.

இங்கிலாந்துக்காரருக்கும் இது உடனே நடக்கவில்லை. 1966 நவம்பரில் பிபிசி "கேத்தி கம் ஹோம்" என்ற நாடகத்தை ஒளிபரப்பியது. வீடிழந்த ஓர் இளம் குடும்பம். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கமாகி, கடைசியில் தாயிடமிருந்து பிள்ளைகளையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். நாடெங்கும் பேச்சானது. அடுத்த மாதமே ஷெல்டர் என்ற தொண்டமைப்பு தொடங்கப்பட்டது. நிதி குவிந்தது. ஆனால் வீடற்ற குடும்பங்களுக்கு இடம் கொடுப்பது உள்ளூராட்சி மன்றங்களின் கடமை என்று சட்டம் சொல்ல 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்காக ஷெல்டர் உள்ளிட்ட பல தொண்டமைப்புகள் ஒரே குழுவாகச் சேர்ந்து பாராளுமன்ற உறுப்பினர்களின் கதவுகளைத் தட்டின. ஒரு நாடகம் கண்ணீரை வரவழைத்தது, ஒரு தொண்டமைப்பு பணத்தைச் சேர்த்தது, சட்டத்துக்கு ஒரு கூட்டம் வேண்டியிருந்தது.

ஐரோப்பாவில் 1989இல் தொடங்கிய ஃபியான்ட்சா என்ற சம்மேளனம் இன்னும் விசித்திரமானது. வீடற்றோருக்காக வேலை செய்யும் அமைப்புகளின் சம்மேளனம் அது. தானே ஒரு விடுதியும் நடத்துவதில்லை. பிறகு என்ன செய்கிறது? சொற்களைச் செய்கிறது. 2005இல், நாங்கள் இங்கே கூடாரங்களில் இருந்த அதே ஆண்டில், "வீடற்றவர் யார்?" என்பதற்கு ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. கூரையே இல்லாதோர், கூரையிருந்தும் வீடற்றோர், நிச்சயமில்லாத இருப்பிடத்தில் வாழ்வோர், வாழத் தகாத இருப்பிடத்தில் வாழ்வோர் என்று நான்கு வகை. வேறு வழியின்றி உறவினர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருப்போர் மூன்றாவது வகையில் வருகிறார்கள். இதை வாசித்த இரவு நான் பின்னறைப் பக்கம் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "உறவினர்" என்று குறிக்கப்பட்டவருக்கு எங்கோ ஒரு அட்டவணையில் சரியான இடம் இருக்கிறது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எண்ணப்படாதவர்களுக்கு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் பணம் ஒதுக்குவதில்லை. அதுதான் இருக்கிறது.

பணம் மட்டும் இருந்தாலும் நடக்காது என்பதற்கு உதாரணம் தேடி ஐரோப்பா போக வேண்டியதில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. சுனாமியில் வீடிழந்தோருக்கான வீடுகள். யாருக்குக் கொடுப்பது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. பற்றை வளர்ந்தது, யானை வந்தது. கல்லும் சீமெந்தும் இருந்தன. எல்லாச் சமூகத்து வீடிழந்தோரும் ஒரே மேசையில் இருந்து பட்டியல் போட்டு, அதை எல்லோருமாக ஏற்றுக்கொள்ளச் செய்யும் ஒரு பொது அமைப்பு மட்டும் இருக்கவில்லை. இதில் யார் பக்கம் நியாயம் என்று வாதிடுவது எங்கள் பகுதியில் ஒரு பொழுதுபோக்கு. வீடிழந்தவர்கள் அந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டே கிழவர்களாகிவிட்டார்கள்.

சென்ற ஆண்டு விடுமுறையில் உம்மா என்னை வினாயகபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அக்கரைப்பற்றில் பஸ் மாறி, தம்பிலுவில், திருக்கோவில் தாண்டிப் போக வேண்டும். சுனாமிக்குப் பிறகு நடந்த ஒரு பெண்கள் கூட்டத்தில் உம்மாவுக்குச் சிநேகமான ஒரு தமிழ் அன்ரி அங்கே இருக்கிறார். அவருடைய வீடும் அலையில் போனதுதான். ஆனால் கட்டுப்பாடு தளர்ந்தபோது அவருடைய வளவு அந்த எல்லைக்கு வெளியே வந்துவிட்டது. அதனால் தாய் கொடுத்த அதே மண்ணில் வீடு எழும்பியது. உறுதி அவர் பெயரிலேயே இருக்கிறது. நாங்கள் போன அன்று அவர் சாமான்களைப் பின்னால் கட்டிய சின்ன வீட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். மகளுக்குக் கலியாணம். பெரிய வீடு மகளுக்கு.

"நீ என்னத்தக் குடுக்கப் போறாய், தங்கச்சி?" என்று உம்மாவைக் கேட்டார். என் ராத்தாவுக்கு அடுத்த வருடம் கலியாணம் என்பது அவருக்குத் தெரியும்.

உம்மா கடலைப் பார்த்தார். "குடுக்கிறதுக்கு எண்ட பேர்ல என்னக்கா கிடக்கு?" என்றார்.

ஒரே அலையில் ஒரே நாளில் வீடிழந்த இரண்டு பெண்கள். இருவரும் தாய் வீட்டைச் சீதனமாகப் பெற்றவர்கள். ஒருவருக்கு, அமைப்புகள் சேர்ந்து போராடி மாற்றிய ஒரு விதி வீட்டைக் காப்பாற்றியது. மற்றவருக்கு, மாறாமல் போன ஒரு படிவம் வீட்டை எடுத்துக்கொண்டது. அன்ரி தேங்காய்ப் பூ போட்ட ரொட்டியும் சம்பலும் தந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உம்மா ஒன்றும் பேசவில்லை. கோமாரியிலிருந்து வந்த பஸ் நிறைய ஆட்கள், பேசவும் முடியாது.

ஊருக்கு வந்த பிறகு பேசினார். எங்கள் ஊரிலும் ஒரு குடை இருக்கிறதே என்றார். பள்ளிவாசல்கள் எல்லாம் சேர்ந்த சம்மேளனம். அதன் ஸகாத் குழு ஒவ்வோர் ஆண்டும் ஏழைகளுக்குச் சில வீடுகள் கட்டிக் கொடுக்கிறது. நல்ல வேலை, கணக்கும் சுத்தம். தனித்தனியே பத்து ரூபா, நூறு ரூபா என்று வாசலில் கொடுத்த காலத்தில் ஒரு வீடும் எழும்பவில்லை. சேர்த்த பிறகே எழும்பியது. அந்த வீடுகளின் விண்ணப்பப் படிவத்தை உம்மா ஒரு நாள் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முதல் வரி, நாங்கள் எதிர்பார்த்த அதே வரி. ஐந்தாவது வரியில்தான் "மனைவியின் பெயர்" வருகிறது.

இப்போது ஒரு கடிதம் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதியது நான்; திருத்தியது எங்கள் தமிழ் ஆசிரியை; தூக்கிக்கொண்டு அலைவது உம்மாவும் சாச்சியும். அரைப் பக்கம்தான். படிவத்தில் "காணி யாருடைய பெயரில் உள்ளது அல்லது இருந்தது?" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், பெண்ணின் காணியில் கட்டும் வீட்டைப் பெண்ணின் பெயரிலேயே எழுத வேண்டும், காணியே இல்லாதவர்களுக்கு இருவர் பெயரிலும் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். தனி ஆளாகக் கையெழுத்து வாங்கவில்லை, சங்கமாகத்தான் வாங்குகிறோம். மாதர் சங்கங்கள், இரண்டு கிராம அபிவிருத்திச் சங்கங்கள், கடற்றொழிலாளர் சங்கம் ஒன்று. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் வாசித்து முடித்ததும், "எண்ட வீடும் பொண்டாட்டிட பேர்லதான் மகள், இதுல என்ன பயம்?" என்று முத்திரை குத்தித் தந்தார்.

ஒன்பது முத்திரைகள் விழுந்துவிட்டன. பத்தாவது சங்கத்தின் செயலாளர் ஒரு பெண். கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, "ஆம்புளயள் என்ன சொல்லுவாங்களோ தெரியா" என்று தயங்கினார். பிறகு சாச்சியின் முகத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்.